ஒரு கை குறையுது

எங்கள் பக்கம் சாவு வீட்டில் இரவு பதினொன்றைத் தாண்டினால் அழுகை ஓய்ந்துவிடும். உள்ளே பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராகச் சாய்ந்திருப்பார்கள். வாசலில் சாமியானாவுக்குக் கீழே வாடகை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு யாராவது ஒரு ஜமுக்காளத்தை விரிப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு சீட்டுக்கட்டு வந்துவிடும். வறக்காபி ஒரு சுற்று வரும். பிறகு இருட்டைப் பார்த்து ஒரு குரல்: "ஒரு கை குறையுது, யாருப்பா வர்றது?"

பெரியப்பா இறந்த இரவில் அந்தக் கை நானாக இருந்தேன். எனக்குப் பதினாறு வயது. கூப்பிட்டவர் என் தாய்மாமா. வேறு எந்த நாளிலாவது என் கையில் சீட்டைப் பார்த்திருந்தால் செவிட்டில் அறைந்திருப்பார். அன்றைக்கு அவரே பதின்மூன்று சீட்டைப் போட்டு, எடுத்து அடுக்கக் கற்றுக்கொடுத்தார். புள்ளிக்குப் பத்துப் பைசா. விடியும்போது பதினாலு ரூபாய் விட்டிருந்தேன். இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினால் பிடித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. "போதும், எந்திரி" என்றார் மாமா. ஜெயித்தவர் அந்தக் காசிலேயே எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். பாடை கட்டும் வேலை தொடங்கியது.

மனிதர்கள் ஏன் சூதாடுகிறார்கள் என்று கேட்டால் கைவசம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. பேராசை என்பது ஒன்று, நோய் என்பது இன்னொன்று. முதலாவது பாட்டி காலத்துப் பதில். இரண்டாவதை மருத்துவம் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1980இல் இதை ஒரு கோளாறாக ஏற்றது. 2013 பதிப்பில் மது, போதைப் பழக்கங்களோடு ஒரே வகுப்பில் சேர்த்தது. இரண்டு பதிலிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே காரணத்தை ஆடுகிறவனின் மண்டைக்குள் தேடுகின்றன. அந்த இரவில் எனக்குப் பேராசையும் இல்லை, நோயும் இல்லை. ஒரு கை குறைந்தது, கூப்பிட்டார்கள், உட்கார்ந்தேன். பெரியவர்கள் வட்டத்தில் முதன்முதலாக எனக்கு ஓர் இடம் கிடைத்தது. சூதாட்டத்தின் சமூகக் காரணங்களைத் தேடுகிறவர்கள் இந்த அழைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது. சூது அதிகாரம் குறளில் 94ஆவது. கள்ளுண்ணாமைக்கு அடுத்து, மருந்துக்கு முன். பெரும்பாலான பதிப்புகளில் அது வருகிற பகுதியின் பெயர் நட்பியல். இயல் பிரிப்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை என்றாலும் இந்த இடம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. சூது கூட்டாளிகளோடு வருகிற சங்கதி. அந்தப் பத்துக் குறள்களில் சூதாடும் இடத்துக்கு வள்ளுவர் வைக்கும் பெயர் கழகம். (இன்று அந்தச் சொல் எங்கெங்கே புழங்குகிறது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) கவறு என்ற தாயக்கட்டையையும் கழகத்தையும் அவர் சேர்த்தே சொல்கிறார். கருவியோடு களமும் வேண்டும். வெற்றியைத் தூண்டில் முள்ளில் கோத்த இரைக்கு ஒப்பிட்டதும், விட விட ஆசை கூடும் என்று சொன்னதும் மனநூல்காரர்கள் பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் கண்டவைதான்.

அவருக்கும் மிக முந்தியது ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள 34ஆம் சூக்தம். தான்றிக்காயை உருட்டி ஆடித் தோற்றவன் ஒருவனின் புலம்பல் அது. மனைவி விலகிவிட்டாள், மாமியார் வெறுக்கிறாள். கடன்காரன் வந்து நிற்கும்போது தாயும் தகப்பனும் சகோதரர்களும், இவனை எங்களுக்குத் தெரியாது, கட்டி இழுத்துப் போ என்று சொல்லிவிடுகிறார்கள். ஆட உட்காரும்போது கூட்டம், கடன்காரன் வரும்போது தனிமை. மூவாயிரம் ஆண்டுகளில் இந்த வரிசை மாறவே இல்லை.

மகாபாரதத்தின் சூதாட்டத்தை நாம் பேராசைக் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். துரியோதனன் பக்கம் அது சரி. தர்மன் பக்கம் பாருங்கள். அவனுக்கு இல்லாத செல்வமா? ராஜசூயம் முடித்துவிட்டு வந்தவன். அவனை இழுத்தது அழைப்பு. பெரியப்பா திருதராஷ்டிரன் கூப்பிட்டு அனுப்புகிறார், தூது வருவது விதுரர். சவாலுக்கு அழைத்தால் மறுப்பதில்லை என்பது அவன் எடுத்துக்கொண்ட விரதம். போகிறான், எல்லாவற்றையும் விடுகிறான். திரௌபதிக்கு வரம் தருவதாகச் சொல்லித் திருதராஷ்டிரன் அனைத்தையும் திருப்பிக் கொடுத்தும் விடுகிறார். ஊருக்குத் திரும்பும் வழியில் மறுபடியும் அழைப்பு, தர்மன் மறுபடியும் போகிறான். இதில் ஆசைக்கு எங்கே இடம்? 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத ஒரு மரியாதைக் கட்டு, அவ்வளவுதான்.

பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்திருந்த சபை அது. நிறுத்தச் சொல்லி விதுரர் மன்றாடினார், எடுபடவில்லை. மற்றப் பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். கணக்குக் கேட்டது உள்ளேயிருந்து இழுத்துவரப்பட்ட ஒரு பெண்: என்னை வைப்பதற்கு முன்பே அவர் தன்னைத் தோற்றுவிட்டாரா, இல்லையா? நம் வீடுகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் அடகுக்கடை ரசீதைக் கையில் வைத்திருக்கிற பெண்தான்.

நளன் கதை வேறு மாதிரி. அவன் விட்டதைப் பிடித்துவிட்டான். காட்டிலும் மேட்டிலும் அலைந்து, இருதுபன்னனிடம் கவற்றின் சூட்சுமம் கற்று, தன்னை ஜெயித்த புட்கரனை மறுபடி ஆட்டத்துக்கு இழுத்து நாட்டை மீட்கிறான். விட்ட இடத்தில்தான் பிடிக்கணும் என்று சொல்லாத சீட்டாட்டக்காரர் கிடையாது. ஒரு பண்பாடு தன் கதைகளில் எதை வைத்திருக்கிறதோ அது ஆடுகிறவனுக்கும் கைகொடுக்கும். தர்மனை எடுத்துக்காட்டாக நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆடுகிறவன் மனதுக்குள் நளனாகியிருப்பான்.

*

சவால், மானம், மீசை. இவற்றைப் புரிந்துகொள்ளச் சேவல்கட்டுக்குப் போக வேண்டும். கரூர் மாவட்டம் பூலாம்வலசில் பொங்கல் சமயத்தில் நடக்கும் சேவல்கட்டு பேர்பெற்றது. தெற்கே காலில் கத்தி கட்டாமல் மோதவிடும் வெத்துக்கால் சண்டையும் உண்டு. பஞ்சபட்சி சாஸ்திரம் பார்த்து, நிறம் பார்த்து, எந்த நேரத்தில் எந்தச் சேவலை இறக்குவது என்று கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர், அது ஜெயித்தவருக்குப் போகும். கோச்சைக் கறிக்கு ருசி அதிகம் என்பார்கள். அந்த ருசி கறியில் இல்லை என்பது சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியும். இந்தப் பெருமைக்கு வயது அதிகம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட சேவலுக்கு எடுத்த நடுகல்லே இருக்கிறது.

சேவல் சண்டையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகப் பேர்போனது பாலித் தீவைப் பற்றியது. அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1958இல் மனைவியோடு அங்கே ஒரு கிராமத்தில் போய்த் தங்கினார். ஊர் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. தடைசெய்யப்பட்ட சேவல் சண்டை ஒன்றில் போலீஸ் புகுந்தது. இவர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஓடி ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தார்கள். அந்த வீட்டுப் பெண் சட்டென்று மேசை போட்டுத் தேநீர் வைத்து, ஏதோ காலையிலிருந்தே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோல ஆக்கிவிட்டார். மறுநாள் முதல் ஊர் அவர்களோடு பேசத் தொடங்கியது. கீர்ட்ஸ் 1972இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: நடுக்களத்தில் கட்டும் பெரிய பந்தயத்தை ஒருவன் தனியாகக் கட்டுவதில்லை, பங்காளிகளும் கூட்டாளிகளும் சேர்ந்து போட்டது. தன் உறவுக்காரன் சேவலுக்கு எதிராக எவனும் கட்டமாட்டான். தொகை பெரிதாகப் பெரிதாகப் பணத்தின் பேச்சு குறைந்து அந்தஸ்தின் பேச்சு கூடுகிறது. பணம் அங்கே கௌரவத்தை அளக்கிற படி.

நம் ஊருக்கும் இது பொருந்தும். "என்ன பெட்டு?" என்று பள்ளிக்கூடத்துப் பையன் கேட்பதும், கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் டீக்கடை வாசலில் கட்டுவதும் முதலில் வாய்க்கு வாய் சவால், பிறகுதான் காசு. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறவராகவே வேலை பார்த்தவர். 1967இல் அவர் எழுதியதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: அலுவலகமும் வீடுமாக, எதுவும் நடக்காத வாழ்க்கையில் தன் தைரியத்தைக் காட்ட மனிதனுக்கு இடமில்லை. அந்த இடத்தை மேசை தருகிறது. ஆயிரம் ரூபாய் போன பிறகும் முகம் சுருங்காமல் அடுத்த சீட்டை எடுக்கிறவனுக்கு வட்டத்தில் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பைக் காப்பாற்றத்தான் அடுத்த ஆயிரமும் போகிறது.

*

லாட்டரியில் மீசை கிடையாது. அங்கே வேறொன்று இருக்கிறது. தமிழில் சீட்டு என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். ஆடுவதும் சீட்டு, பரிசு விழுவதும் சீட்டு, மாதாமாதம் கட்டிச் சேமிப்பதும் சீட்டு. கோயிலில் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒரு பிள்ளையை எடுக்கச் சொன்னால் அது திருவுளச் சீட்டு. குலுக்கலில் வருவது சாமியின் வாக்கு. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சின்னப் பையனைவிட்டு எடுக்கச் சொல்கின்றன. தகுதியை மனிதர்கள் பார்க்கலாம், கடைசித் தேர்வைக் குடத்திடம் விட்டுவிடுவது நியாயம் என்பது அதன் பொருள். இன்றும் தேர்தலில் இருவருக்குச் சம வாக்கு விழுந்தால் சட்டம் குலுக்கலைத்தான் சொல்கிறது.

குலுக்கலுக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது, மார்க் ஷீட் தெரியாது. எந்தக் கதவைத் தட்டினாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிற சமூகத்தில், கேட்காத கதவு ஒன்று இருக்கிறதென்றால் அதன் முன்னால் கூட்டம் நிற்காதா? லாட்டரி வாங்குகிறவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று படித்தவர்கள் சிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் சேர்த்தால் வருடத்துக்கு 3,650 ரூபாய். பத்து வருடம் சேர்த்தாலும் வீட்டுமனைக்கு முன்பணம் வராது. இந்தக் கணக்குக் கூலிக்காரருக்கு நன்றாகத் தெரியும். மில்டன் ஃபிரீட்மனும் சாவேஜும் 1948இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரையில் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார்கள்: இன்சூரன்ஸ் கட்டுகிற அதே ஆள் லாட்டரியும் ஏன் வாங்குகிறான்? கொஞ்சம் பணம் கூடினால் அவன் இருக்கிற படியிலேயே சற்று வசதியாக உட்காரலாம், பெரும்பணம் ஒன்றுதான் அடுத்த படிக்குத் தூக்கிப்போடும், அந்தத் தாவலுக்காக நஷ்டக் கணக்கையும் அவன் ஏற்றுக்கொள்கிறான் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஏணியில் நடுப்படிகள் உடைந்திருக்கிற இடத்தில் தாவுகிறவனை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது.

இந்தத் தாவலை அரசாங்கமே விற்றது. கேரளம் 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அண்ணா ஆட்சியில் தமிழ்நாட்டிலும் பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கத்தை இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விளம்பர மொழியாக அதை மெச்சத்தான் வேண்டும். தோற்பது என்ற ஒன்றையே அது ஒழித்துவிட்டது, தோற்றால் தர்மம்! சூதாட்டம் பற்றி மூவாயிரம் வருடமாகச் சொல்லிவந்த குற்ற உணர்வை ஒரு வரி கழுவிவிட்டது. பேருந்து நிலையங்களில் கால் இல்லாதவர்களும் கண் தெரியாதவர்களும் நிறையப் பேர் சீட்டு விற்றார்கள். அவர்களிடம் வாங்கும்போது பாதி உதவி, பாதி ஆசை என்று மனம் சமாதானம் ஆகிவிடும்.

1990களில் சிக்கிம், நாகாலாந்து, பூட்டான் என்று சீட்டுகள் வந்து குவிந்தன. ஒற்றை இலக்க லாட்டரி வந்ததும் நாளைக்கு என்று காத்திருந்த கனவு மணிக்கணக்கில் சுருங்கியது. காலையில் வாங்கி மதியம் விட்டு, மறுபடி வாங்கி மாலையில் விட்டார்கள். நாளிதழ் முடிவுப் பக்கத்தில் நகத்தால் கோடு இழுத்துக்கொண்டே இறங்கும் விரல்களைச் சலூன் பெஞ்சுகளில் பார்த்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது என்றது 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையையே தடைசெய்தது. நல்ல முடிவுதான். ஆனால் கேட்காத கதவின் முன்னால் நின்ற கூட்டம் கலையவில்லை. கேரளக் குலுக்கல் தினமும் மூன்று மணிக்கு. மேற்கு மாவட்டங்களில் மூணு நம்பர் லாட்டரி என்று துண்டுச் சீட்டில் எழுதி விற்பது அந்த முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துத்தான். மூன்று மணிக்குத் தறி ஓட்டுகிறவர் ஏன் போனைப் பார்க்கிறார் என்பது பக்கத்துத் தறிக்காரருக்குத் தெரியும். வசதியுள்ளவர்கள் கேரள எல்லையில் இருக்கும் வாளையாறுக்குப் போய் அசல் சீட்டே வாங்குகிறார்கள். 2023 ஓணம் பம்பர் 25 கோடி அப்படி வாளையாறில் வாங்கிய சீட்டுக்குத்தான் விழுந்தது. வாங்கியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நால்வர். அந்தச் செய்தி எத்தனை பேரை வாளையாறுக்கு பஸ் ஏற்றியிருக்கும்! விழுந்தவன் முகம்தான் ஊருக்குத் தெரியும், விழாதவர்கள் படம் எந்தப் பத்திரிகையிலும் வராது.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களிடம் நாலு நம்பர் இப்படித்தான் புழங்குகிறது. கனவில் வந்த எண், கோயிலில் கிடைத்த எண், விபத்தில் நொறுங்கிய காரின் எண். எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சம்சார வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. மகள் பிறந்த தேதியைத் தொடர்ந்து போடுகிறவரால் ஒருநாளும் நிறுத்த முடியாது. நிறுத்திய அன்றைக்கு அந்த எண் வந்துவிட்டால்?

பெண்கள் ஆடுவதில்லை என்று சொல்வது வழக்கம். பல்லாங்குழி, தாயம், வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் என்று காசில்லாத ஆட்டங்களே அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆனால் குலுக்கல் சீட்டுக்கு என்ன பெயர் வைப்பது? மாதாமாதம் கட்டி, குலுக்கலில் பெயர் விழுந்தவர் பாத்திரமோ பவுனோ எடுத்துக்கொண்டு மேற்கொண்டு கட்டாமல் விலகுகிற திட்டங்கள் தெருவுக்குத் தெரு நடந்தன. 1978ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைத் தடைசெய்தும் தீபாவளிச் சீட்டு நடத்தியவர் ஓடிப்போனார் என்ற செய்தி நிற்கவில்லை. சேமிப்புக்கும் சூதுக்கும் நடுவில் நாம் கோடு போட்டதே இல்லை. சொல்லிலும் இல்லை, பழக்கத்திலும் இல்லை.

*

அரசுகளும் அந்தக் கோட்டை அழித்து அழித்துத்தான் போட்டிருக்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சூதாட்டத்துக்கென்று ஓர் அதிகாரியை நியமிக்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில் ஆட வேண்டும், கட்டையை அவர்தான் தருவார், ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. நம் காலத்தில் இணையப் பண விளையாட்டுகளில் ஆடுகிறவர் போட்ட பணம் முழுவதன் மீதும் 2023 அக்டோபரில் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்தார்கள். கௌடில்யர் பேராசைக்காரர் இல்லை என்று இப்போது தெரிகிறது.

மாகாண காலத்து 1930ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் சீட்டாட்ட வழக்குகளுக்கு அடிப்படை. தீபாவளி, பொங்கல் வாரங்களில் உள்ளூர்ச் செய்தியில் தவறாமல் வரும்: தோப்பில் பணம் வைத்துச் சூதாடிய ஏழு பேர் கைது, 52 சீட்டுகளும் ரொக்கமும் பறிமுதல். அதே ஊரில் மனமகிழ் மன்றம் என்ற பலகைக்குப் பின்னால் ஆடுகிறவர்களின் சீட்டு பறிமுதல் ஆவது அரிது. தோப்புக்கும் மன்றத்துக்கும் உள்ள தூரம் வர்க்கத்தின் தூரம். குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கருணாநிதி அரசு 1974இல் சட்டம் போட்டது. அதில் திறமைதான் மேலோங்குகிறது, சூதாட்டம் ஆகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரம்மியும் அதற்கு முன்பே அதே திறமைக் கணக்கில் தப்பித்திருந்தது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை இறக்குவது என்று தெரிய வேண்டும் என்பது காரணம்.

சட்டத்துக்கு இந்த வேறுபாடு தேவைதான். ஆடுகிறவன் மனதில் அது செய்கிற வேலை வேறு. விட்டவனுக்குத் தலைவிதியைக் குறை சொல்லும் ஆறுதலாவது லாட்டரியில் உண்டு. ரம்மியில் விட்டால் தன் திறமை போதவில்லை, இன்னும் கொஞ்சம் பழகினால் பிடித்துவிடலாம். 'அந்த ஒரு சீட்டு மட்டும் வந்திருந்தா!' திறமை என்ற சொல்லைவிட நல்ல தூண்டில் முள் வேறு எதுவும் இல்லை. இணைய ரம்மி விளம்பரங்கள் அந்தச் சொல்லைத்தான் முன்னே நிறுத்தின, சினிமா முகங்களை அதற்கு அடுத்தபடியாகத்தான் கூப்பிட்டன.

இனிப் போன். மேலே சொன்ன எல்லாக் காரணங்களும் அதற்குள் இருக்கின்றன: சவால், தாவல், அதிர்ஷ்டம், திறமை. ஒன்று மட்டும் இல்லை. என் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்த மாமா இல்லை. ஜமுக்காளத்து ஆட்டத்தில் ஆறு பேர் கண் ஆறு பேர் மேல் இருந்தது. விட்டவன் வீட்டில் நாளைக்கு அடுப்பு எரியுமா என்று ஜெயித்தவனுக்குத் தெரியும். கூட்டம்தான் இழுத்தது, கூட்டம்தான் பிடித்தும் நிறுத்தியது. எப்போதும் நிறுத்தியது என்று சொல்லமாட்டேன், நிலத்தை எழுதி வாங்கிய கூட்டங்களும் உண்டு. ஆனாலும் கூட்டம் ஒருநாள் கலைந்தாக வேண்டும், ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம் வரும். போனில் நாற்காலி நொடியில் நிறைகிறது. எதிரே இருக்கும் பெயர் யாருடையது என்று தெரியாது. ஆடுவது பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கே தெரியாது.

நடாஷா டோ ஷுல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகஸின் சூதாட்ட இயந்திரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2012இல் ஒரு நூல் எழுதினார். இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்கள் அவரிடம் சொன்னது, ஜெயிப்பதற்காக ஆடவில்லை, தொடர்ந்து ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறோம் என்பதுதான். ஜெயித்தாலும் அந்தப் பணம் ஆட்டத்தை நீட்டிக்கத்தான். சமூகக் காரணங்களுக்காக உள்ளே போனவன் சமூகமே இல்லாத ஓர் இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறான். சேவல்கட்டைப் பற்றி கீர்ட்ஸ் எழுதியது இங்கே செல்லாது. இங்கே யாருடைய மீசையும் இல்லை.

இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டின் சட்டப் போராட்டத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2021இல் கொண்டுவந்த தடையை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் போய்த் திரும்பி, மறுபடியும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி, அவற்றின் மீதான தடையை நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் நீக்கிவிட்டது. அதன்பின் 2025இல் அரசு போட்ட விதி, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது என்பது. ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு மாநில அரசும் ஓர் உயர் நீதிமன்றமும் சேர்ந்து "போதும், எந்திரி" என்று சொல்ல முயன்றன, அவ்வளவுதான். ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடைசெய்தது. உள்நாட்டு நிறுவனங்கள் கடையைச் சாத்தின. லாட்டரித் தடைக்குப் பின் மூணு நம்பர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அடுத்த கட்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2010இல் இரண்டு சூதாட்ட விடுதிகளைத் திறந்தபோதே சொந்தக் குடிமக்களுக்கு நுழைவுக் கட்டணம் நூறு வெள்ளி என்று வைத்தது, 2019இல் அதை 150 ஆக்கியது. அதைவிட முக்கியமானது, ஒருவரை உள்ளே விடாதீர்கள் என்று அவருடைய குடும்பத்தாரே விண்ணப்பிக்க அங்கே வழி உண்டு. சூதாட்டம் தனி ஒருவரின் விவகாரம் இல்லை என்பதைச் சட்டம் இந்த அளவுக்காவது ஏற்றிருக்கிறது. ஆட்டத்தை வளர்த்துக்கொண்டே வேலியும் போடுவதில் உள்ள முரண்பாடு இருக்கட்டும். திரௌபதிக்குக் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது.

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு சாவு வீடு. ஜமுக்காளம் விரிக்கவில்லை. நாற்காலிகளில் இருபது பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் ஆடினார்கள், யார் படம் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் போனில் ஆடிக்கொண்டு நள்ளிரவில் விழித்திருந்தால், எவ்வளவு விட்டாய் என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும். யாரிடமெல்லாம் வாங்கியிருக்கிறாய் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, அவரோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். கடன்காரன் வரும்போது, இவனை எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். உங்களால் முடியாதபோது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.